மூட்டுக்குள் ஓர் ஆறாத காயம்

1743ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் முன்னிலையில், வில்லியம் ஹண்டர் என்ற 25 வயது ஸ்காட்லாந்து வைத்தியர், மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பின் அமைப்பையும் அதற்கு உண்டாகும் நோய்களையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். புண்பட்ட குருத்தெலும்பு பெருந்தொல்லை தருவது என்பதும், ஒருமுறை அழிந்தால் அது மீண்டும் உண்டாவதில்லை என்பதும் ஹிப்போகிரட்டீஸ் காலந்தொட்டு வைத்தியர்கள் யாவரும் ஏகமனதாக ஒப்புக்கொண்ட உண்மைகள் என்று அவர் அதில் எடுத்துரைத்தார். அதற்குப் பிறகு இரண்டே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. ஒருவருடைய இதயத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்துகிற அளவுக்கு வைத்திய சாஸ்திரம் வளர்ந்துவிட்டது. ஆயினும், முழங்காலின் உள்ளே கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு நேர்ந்த ஒரு பழுதை, முன்பு அங்கே இருந்த அதே பொருளைக் கொண்டு நிரப்பும் வித்தை இன்றளவும் அதற்குப் பூரணமாகக் கைவரவில்லை. இவ்வளவு சிறிய காரியம் இவ்வளவு பெரிய சிரமமாக இருப்பதற்குக் காரணம் என்ன என்பதையும், அந்தச் சிரமத்தைத் தாண்டுவதற்கு இப்போது நடந்துவரும் முயற்சிகள் எத்தகையவை என்பதையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இறைச்சிக் கடையில் ஆட்டுத் தொடையை மூட்டோடு பிரித்து வைத்திருக்கும்போது எலும்பின் முனையைக் கூர்ந்து கவனித்தவர்கள், அங்கே நீலம் பாய்ந்த வெண்மையோடு பளபளவென்று படிந்திருக்கும் ஒரு பூச்சைக் கண்டிருப்பார்கள். விரலை வைத்தால் வழுக்கும். நகத்தால் அழுத்தினால் சிறிது அமுங்கி உடனே நிமிர்ந்துகொள்ளும். கத்தியால் சீவினால் கண்ணாடித் தகடு போலல்லாமல் மெல்லிய சுருளாக எழும்பும். அதுவே மூட்டுக் குருத்தெலும்பு. மனிதனுடைய முழங்காலில் அதன் கனம் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். நாம் சமதரையில் சாதாரணமாக நடக்கும்போதே நம் சரீரத்தின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் முழங்காலின் மீது விழுகிறது. அந்தப் பாரத்தை வாழ்நாள் முழுவதும், கோடிக்கணக்கான அடிகளுக்கு, இந்தச் சில மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சு தாங்குகிறது. தாங்குவதோடு, ஒரு எலும்பு மற்றொரு எலும்பின்மீது ஏறக்குறைய உராய்வே இன்றி நழுவிச் செல்லும்படியும் செய்கிறது.

இத்தகைய ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது? அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வெறும் தண்ணீர்தான். மீதியுள்ளதில் பெரும்பகுதி இரண்டு பொருள்கள்: ஒன்று கொலாஜன் என்னும் புரத நார், மற்றொன்று அக்ரிகன் என்னும் பிரம்மாண்டமான மூலக்கூறு. அக்ரிகன் தண்ணீரை ஆவலோடு இழுத்துக்கொண்டு பெருக முயலும். கொலாஜன் நார்களின் வலை அந்தப் பெருக்கத்தை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். துணியில் இறுக முடிந்த கடலையைத் தண்ணீரில் போட்டு வைத்தால், விடிவதற்குள் கடலை ஊறிப் பருத்து, முடிச்சு கல்லைப் போல விறைத்துவிடுகிறதல்லவா, அதே விதமான ஒரு விறைப்பு குருத்தெலும்பினுள் இராப்பகலாக நிலைத்திருக்கிறது. மேலிருந்து பாரம் விழும்போது உள்ளே அடைபட்ட நீர் எளிதில் வெளியேற வழியில்லாமையால், பாரத்தின் பெரும்பங்கை நீரே ஏற்றுக்கொள்கிறது. அந்த நார் வலையும் ஒழுங்கற்ற சிக்கல் அன்று. 1925இல் பென்னிங்ஹோஃப் என்ற ஜெர்மானிய உடற்கூறு நிபுணர் விளக்கிக் காட்டியபடி, நார்கள் அடியிலுள்ள எலும்பிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, மேற்பரப்பை நெருங்கியதும் வில்லைப் போல வளைந்து, பரப்புக்கு இணையாக ஓடி, மறுபடியும் கீழே இறங்குகின்றன. இந்த வளைவுகளின் வரிசையே குருத்தெலும்பின் ஜீவநாடி. ஏனெனில் அக்ரிகன் கரைந்தாலும் ஓரளவு திரும்பச் சுரக்கும். வலை அறுந்தால் அதை மறுபடியும் பின்னுவார் இல்லை.

இதற்கு ஆச்சரியமான ஓர் அத்தாட்சி டென்மார்க் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சியில் 2016இல் வெளிப்பட்டது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் ஆகாயத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றிலே கதிரியக்கக் கார்பன் பெருகியது. அது பயிர் வழியாக உணவிலும், உணவு வழியாக மனித சரீரத்திலும் புகுந்தது. சரீரத்தின் எந்தப் பாகம் எப்போது கட்டப்பட்டது என்பதை அந்தக் கார்பனின் அளவைக் கொண்டு கணிக்கலாம். முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனை அவ்வாறு சோதித்தபோது, அது வளர்பருவத்தில் ஒருமுறை நெய்யப்பட்டதற்குப் பின் ஆயுள் முழுதும் மாற்றப்படுவதே இல்லை என்று தெரியவந்தது. நோயுற்ற மூட்டிலும் அப்படியே. எழுபது வயது முதியவர் ஊன்றி நடப்பது தம்முடைய பதினைந்து வயதில் நெய்த வலையின்மீதுதான். மனிதகுலம் இழைத்த ஒரு கொடுமையின் எச்சம் இப்படி ஒரு நல்ல கேள்விக்கு விடை தந்ததை நினைக்கையில் மனம் ஒருபுறம் வருந்துகிறது, ஒருபுறம் வியக்கிறது.

தோலில் கீறல் விழுந்தால் ரத்தம் கசிகிறது, உறைகிறது, அந்த உறைவுக்குள் புதிய உயிரணுக்கள் வந்து குடியேறிப் பழுதைச் செப்பனிடுகின்றன. குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனுள் வாழும் உயிரணுக்களோ மிகவும் சொற்பம். மொத்தக் கன அளவில் நூற்றுக்குச் சில பங்கே தேறும். அவை ஒவ்வொன்றும் தான் சுரந்த பொருளாலேயே சூழப்பட்டுச் சிறு குழிகளில் சிறைப்பட்டு, மூட்டுத் திரவத்திலிருந்து ஊறிவரும் சொற்ப ஆகாரத்தைக் கொண்டு, பிராணவாயு மிகக் குறைந்த சூழலில் ஜீவிக்கின்றன. பக்கத்திலே பள்ளம் விழுந்தாலும் எழுந்து சென்று அடைக்க அவற்றால் இயலாது. போதாக்குறைக்கு, மேற்பரப்பின் வழுவழுப்பு வெளியிலிருந்து வரும் உயிரணுவையும் ஒட்டவிடாமல் விரட்டுகிறது. ரத்தக்குழாய் இல்லாதிருப்பதாலேதான் பாரத்தில் நசுங்காமல் இருக்கிறது; நார் நெருக்கமாக இருப்பதாலேதான் வலுவாக இருக்கிறது; எதுவும் ஒட்டாதிருப்பதாலேதான் உராய்வின்றி ஓடுகிறது. குருத்தெலும்புக்குப் பெருமை தருகிற குணங்கள் எவையோ அவையே அதன் காயத்தை ஆறவிடாத குணங்களாகவும் அமைந்துவிட்டன. இந்த ஆராய்ச்சித் துறையின் வெற்றி தோல்விகள் எல்லாவற்றையும் இந்த ஒரு முரணை மனத்தில் வைத்துக்கொண்டால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

ரத்தம் இல்லாமையே குறை என்றால் ரத்தத்தை வரவழைத்துவிட்டால் என்ன என்பதே வைத்தியர்களுக்கு முதலில் தோன்றிய யுக்தி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் கென்னத் பிரிடி 1959இல் பழுதுபட்ட இடத்தின் அடியெலும்பில் துளையிட்டு மஜ்ஜையைக் கசியவைத்தார். அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து வெய்ல் நகரத்தின் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980களில் அதே யோசனையைக் கூரிய சிறு ஊசிமுனையால் நுண்துளைகள் இடும் முறையாகத் திருத்தி அமைத்தார். மஜ்ஜையிலிருந்து வரும் ரத்தத்தோடு, பலவகைத் திசுக்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களும் வந்து பள்ளத்தை நிரப்புகின்றன; நோயாளிக்கு நிவாரணமும் கிடைக்கிறது. ஆனால் நிரம்புவது மூட்டுக்குரிய கண்ணாடிக் குருத்தெலும்பாக இல்லாமல், தழும்பின் சாயலுள்ள நார்க்குருத்தெலும்பாக இருப்பதால், சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிடுகிறது. பள்ளத்தை நிரப்புவது ஒன்று, பழைய அமைப்பைத் திரும்பப் பெறுவது மற்றொன்று என்ற பேதம் அப்போதே புலப்பட்டுவிட்டது.

ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரத்தில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் முதலியோர் எடுத்துக்கொண்ட வழி வேறு. சொந்தக் குருத்தெலும்பின் உயிரணுக்களையே வெளியே எடுத்துப் பெருக்கி மறுபடி உள்ளே வைப்பது அவர்களுடைய திட்டம். முழங்காலில் அதிகப் பாரம் படாத ஓரத்திலிருந்து சில நூறு மில்லிகிராம் சீவலைச் சிறுதுளை வழியாக எடுப்பார்கள். நொதியைக் கொண்டு நாரைக் கரைத்து உயிரணுக்களை விடுவிப்பார்கள். அவற்றைப் போஷணைத் திரவத்தில் இரண்டு மூன்று வாரம் வளர்ப்பார்கள். பிறகு மூட்டைத் திறந்து, பள்ளத்தின் ஓரங்களைச் செதுக்கிச் சுத்தம் செய்து, நோயாளியின் கணைக்கால் எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் நுணுக்கமாகத் தைத்து, அந்த மூடிக்கு அடியில் வளர்த்த உயிரணுக்களைச் செலுத்துவார்கள். முதல் நோயாளிக்கு 1987இல் இந்தச் சிகிச்சை நடந்தது. 14 முதல் 48 வயது வரையிலான 23 பேருக்குச் செய்து கண்ட பலன்களை அவர்கள் 1994இல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. தொடையெலும்பின் முனையில் பழுதுபட்டிருந்த 16 பேரில் 14 பேருக்கு நற்பலன். முழங்கால் சில்லின் அடியில் பழுதுபட்டிருந்த 7 பேரிலோ இருவருக்கு மட்டுமே நற்பலன். ஒரே முழங்காலில், சில அங்குல இடைவெளிக்குள், இவ்வளவு வேற்றுமை இருந்ததே, மூட்டின் இயக்கமும் பாரமும் உயிரணுவைப் போலவே முக்கியமானவை என்பதற்கு முதல் எச்சரிக்கை.

வேறொரு சிக்கலும் அந்த வளர்ப்புப் பாத்திரத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. குருத்தெலும்பில் உருண்டையாக இருக்கும் உயிரணுவைத் தட்டையான தளத்தில் வளர்த்தால், அது தளத்தோடு ஒட்டி, நான்கு புறமும் நீண்டு, சில வாரங்களில் தன் ஸ்வபாவத்தையே இழந்துவிடுகிறது. கண்ணாடிக் குருத்தெலும்புக்குரிய கொலாஜனைச் சுரப்பதை விட்டுத் தோலுக்கும் தழும்புக்கும் உரிய வேறு வகைக் கொலாஜனைச் சுரக்கத் தொடங்குகிறது. அதே உயிரணுவைக் கூழ் போன்ற ஓர் ஊடகத்தில் நாற்புறமும் சூழ்ந்திருக்கும்படி பதித்துவைத்தால், மறுபடியும் உருண்டு, பழைய தொழிலுக்குத் திரும்பிவிடுகிறது. உருவம் மாறினால் தொழில் மாறுகிறது என்ற இந்த உண்மை எனக்கு இத்துறையிலேயே மிகவும் ரசமானதாகத் தோன்றுகிறது. பிற்காலத்தில் உயிரணுக்களை வெறும் திரவத்தில் செலுத்தாமல் கொலாஜன் விரிப்பில் ஊன்றிவைக்கும் முறை எழுந்தது. பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் விரிப்பைக் கொண்ட அத்தகைய சிகிச்சை ஒன்றுக்கு அமெரிக்க அரசு 2016இல் அநுமதி வழங்கியது.

இங்கே உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். நார்வே நாட்டு வைத்தியர்கள் 80 நோயாளிகளைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு நுண்துளை முறையையும் பாதிப் பேருக்கு உயிரணுச் சிகிச்சையையும் செய்து ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளிலும், ஐந்து ஆண்டுகளிலும், பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதுங்கூட, விலை மிகுந்த முறை எளிய முறையைத் தெளிவாக வென்றதாகத் தெரியவில்லை. விரிப்பில் ஊன்றிய பிற்கால முறை, பெரிய பழுதுள்ள 144 பேரிடம் செய்த வேறொரு பரிசோதனையில், வலியிலும் நடமாட்டத்திலும் நுண்துளை முறையைவிட மேலான பலனைக் காட்டியது. ஆகவே முன்னேற்றம் பொய்யன்று. ஆனால் 1994இல் பத்திரிகைகள் எதிர்பார்த்த வேகத்தில் அது வரவில்லை. ஒப்பிட்டுப் பாராத வைத்தியம் எவ்வளவு நம்பிக்கை ஊட்டினாலும், அது சோதனைக்கு நிற்கும்வரை நம்பிக்கையே தவிர ஞானமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். பாரம் குறைந்த ஓரத்திலிருந்து எலும்போடு சேர்த்துச் சிறு சிறு உருளைகளைப் பெயர்த்துப் பழுதில் பதியவைக்கும் ஹங்கேரிய நிபுணர் ஹாங்கோடியின் முறையும் 1990களிலிருந்து வழக்கத்தில் உள்ளது. ஆனால் அதில் கடன் கொடுப்பதும் அதே முழங்கால்தான் என்பதால் பெரிய பழுதுகளுக்கு அது உதவுவதில்லை.

கடனை வேறெங்கிருந்தாவது வாங்கலாமா என்று கேட்டவர்கள் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரத்தில் ஐவன் மார்ட்டின் தலைமையில் உள்ள ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் நாடியது மூக்கு! மூக்கின் நடுச்சுவரில் உள்ள குருத்தெலும்பு, கருவில் முழங்காலினுடையது தோன்றும் மூலத்திலிருந்து வேறான ஒரு மூலத்தில் தோன்றுவது. அதன் உயிரணுக்கள் வயதானாலும் பெருகும் சக்தியை எளிதில் இழப்பதில்லை. முழங்காலில் கொண்டுபோய் வைத்தால் அந்த இடத்தின் ஸ்வபாவத்துக்குத் தங்களைப் பக்குவப்படுத்திக்கொள்ளவும் செய்கின்றன. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வில்லையை மூக்கிலிருந்து எடுத்து, விரிப்பில் வளர்த்து, உயிரணுக்களை மட்டுமின்றி அவை சுரந்த குருத்தெலும்பையும் சேர்த்து ஒரு துண்டாகவே முழங்காலில் பொருத்தினார்கள். 10 நோயாளிகளிடம் கண்ட முதற்பலன் 2016இல் வெளியாயிற்று. ஐந்தாறு ஆண்டுகளுக்குள், சாதாரணமாகச் செயற்கை மூட்டைத் தவிர வேறு கதியில்லை என்று கைவிடப்படும் முதிர்ந்த தேய்மானம் உள்ள இரண்டு பேருக்கும் அவர்கள் இந்தச் சிகிச்சையைத் துணிந்து செய்துபார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு பேதத்தை வாசகர்கள் நன்றாக மனத்தில் கொள்ளவேண்டும். விளையாட்டிலோ விபத்திலோ இளைஞனுடைய முழங்காலில் விழுந்த ஒற்றைப் பள்ளம் வேறு. வயதானவர்களின் மூட்டு முழுவதும் பரவி, அடியெலும்பையும் உறைச்சவ்வையும் சேர்த்து வாட்டும் மூட்டுத் தேய்மானம் வேறு. இதுவரை சொன்ன சிகிச்சைகளில் பெரும்பாலானவை முன்னதற்கே உரியவை. பின்னதற்கு மருந்து தேடியவர்கள் கண்ட அநுபவம் சிந்திக்கத்தக்கது. ஸ்பிரிஃபெர்மின் என்னும் வளர்ச்சிப் புரதத்தை மூட்டில் ஊசிமூலம் செலுத்தி 549 பேரிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2019இல் வெளியாயிற்று. மிகுதியான அளவு மருந்து பெற்றவர்களின் குருத்தெலும்பு இரண்டு ஆண்டில் சராசரி 0.05 மில்லிமீட்டர் கனத்தது. மருந்து பெறாதவர்களுக்கு 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தது. குருத்தெலும்பு கனத்தது மெய்தான். ஆனால் வலியில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்று முன்பு சொன்னதை இத்துடன் சேர்த்து எண்ணினால் விஷயம் விளங்கும்: வலிப்பது அதைச் சுற்றியுள்ள எலும்பும் சவ்வும், கனத்தை மட்டும் கூட்டினால் நோயாளி எழுந்து நடந்துவிடமாட்டார்.

அண்மைக் காலத்து ஆராய்ச்சியில் என் மனத்தை மிகவும் கவர்வது, வெளியிலிருந்து ஒன்றையும் கொண்டுவராமல், மூட்டுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும் சக்தியை எழுப்பப் பார்க்கும் மார்க்கம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் மைக்கேல் லாங்ககர், சார்லஸ் சான் ஆகியோரின் குழுவினர் 2020இல் வெளியிட்ட வேலை இதற்கு நல்ல திருஷ்டாந்தம். தாயின் கருவில் நம் எலும்புகளில் பெரும்பாலானவை முதலில் குருத்தெலும்பாகவே உருவாகின்றன. பிறகு ரத்தக்குழாய்கள் உட்புகவே, எலும்பாக மாறுகின்றன. இந்த இயற்கை வரிசையை அவர்கள் யுக்தியாகப் பயன்படுத்தினார்கள். எலியின் மூட்டில் நுண்துளையிட்டு ஸ்டெம் செல்களை விழிக்கச் செய்து, எலும்பாவதற்குத் தூண்டும் ஒரு புரதத்தையும், ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் வேறொரு பொருளையும் ஒருசேர வைத்தார்கள். எலும்பை நோக்கிப் புறப்பட்ட உயிரணுக்கள் ரத்தக்குழாய் வராமையால் நடுவழியிலே, குருத்தெலும்பு நிலையிலேயே நின்றுவிட்டன. ரத்தம் வராததால் ஆறாத உறுப்பை, ரத்தத்தை அழைத்து எழுப்பிப் பின் ரத்தத்தை நிறுத்தியே ஆற்றிய இந்தத் தந்திரத்தில், முன்பு சொன்ன அந்த முரண் முதன்முறையாக நமக்கு அநுகூலமாகத் திரும்பியது.

அதே சர்வகலாசாலையில் ஹெலன் பிளாவ், நிதி பூட்டானி ஆகியோரின் குழு 2025இல் இன்னொரு கதவைத் தட்டியது. வயது ஏற ஏறச் சரீரத்தில் பெருகும் ஒரு நொதி, திசுக்களைச் செப்பனிட உதவும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருளைச் சிதைத்துவிடுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது முதிர்ந்த எலிகளின் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் கனத்தது. புதிய ஸ்டெம் செல் ஒன்றும் வராமலே, அங்கிருந்த பழைய உயிரணுக்களே இளமைக்குரிய தொழிலுக்குத் திரும்பின. செயற்கை மூட்டு வைக்கும் அறுவையில் அகற்றப்பட்ட மனிதக் குருத்தெலும்பைப் பாத்திரத்தில் வைத்து அதே மருந்தில் ஊறவைத்தபோதும் புத்துயிர்ப்பின் அறிகுறிகள் தென்பட்டன. வீக்கத்துக்கும் வலிக்கும் காரணமானது என்று நாம் மாத்திரை விழுங்கி அடக்குகிற அதே பொருள்தான் அளவோடு இருக்கையில் செப்பனிடும் பொருளாகவும் இருக்கிறது என்பது, சரீர சாஸ்திரத்தில் நன்மை தீமைகளை அவசரப்பட்டுப் பிரித்துவிடக் கூடாது என்று நினைக்கவைக்கிறது.

கொலாஜன் மாறுவதே இல்லை என்ற டென்மார்க் முடிவோடு இவையெல்லாம் எப்படிப் பொருந்தும் என்று கூர்மையான வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையினரும் ஸ்வீடன் நாட்டு லுண்ட் சர்வகலாசாலையினரும் 2019இல், குருத்தெலும்பின் புரதங்கள் கணுக்காலில் இளமையாகவும், முழங்காலில் நடுவயதாகவும், இடுப்பில் முதிர்ந்தும் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அறுந்த காலை முளைக்கவைத்துக்கொள்ளும் சாலமாண்டர் முதலிய பிராணிகளிலும் நுனிக்குப் போகப் போகவே செப்பனிடும் சக்தி மிகுகிறது. அந்த மறுவளர்ச்சியை ஆளும் நுண்ணிய ஆர்.என்.ஏ. வகைகளே மனித மூட்டிலும் செயற்படுகின்றன. ஆக, வலையின் நடுத்தண்டு மாறாவிட்டாலும், அதைச் சுற்றியுள்ளவை ஓரளவு புதுப்பிக்கப்படுகின்றன என்று கொள்வதே இப்போதைக்குப் பொருத்தம். புதிதாக வளரும் குருத்தெலும்பில் பென்னிங்ஹோஃப் கண்ட அந்த வில்வளைவுகள் அமையுமா என்பதே மிஞ்சி நிற்கும் பெரிய கேள்வி.

நம் பக்கத்திலும் இதில் வேலை நடக்கிறது. குருத்தெலும்பின் மேலடுக்கில் மிகச் சிறுபான்மையாகக் காணப்படும் மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, அவை நார்க்குருத்தெலும்பாகத் தடம்புரளாமல் கண்ணாடிக் குருத்தெலும்பாகவே வளருமா என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறார்கள். இத்தகைய பொறுமையான வேலை ஒருபுறம் நடக்க, மறுபுறம் நகரங்களில் ஸ்டெம் செல் ஊசி என்ற பெயரில், எந்த உயிரணு, எவ்வளவு, என்ன ஆதாரம் என்று ஒன்றும் சொல்லாமல் பெருந்தொகை வாங்கிக்கொண்டு முதியவர்களின் முழங்காலில் குத்துவதைக் காணும்போது மனம் கொதிக்கிறது. வலியால் துன்புறுகிறவர்களின் ஆசையை மூலதனமாக்குவது வைத்தியமாகாது. தேய்மானத்துக்கு இன்று நிச்சயமாகப் பலன் தருவன தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, மிகுதியான எடையைக் குறைத்தல், முற்றிய நிலையில் செயற்கை மூட்டு ஆகியவையே.

எலியில் கண்டதை மனிதனிடம் எதிர்பார்ப்பதற்கு முன் ஒரு கணக்கையும் நினைவில் வைக்கவேண்டும். எலியின் குருத்தெலும்பு சில உயிரணு அடுக்குகளே கொண்ட மெல்லிய படலம். அதில் எளிதாக ஊறிச் சேரும் ஆகாரமும் மருந்தும், பல மடங்கு தடித்த மனிதக் குருத்தெலும்பின் அடிவரை சேரவேண்டும். இதை உத்தேசித்தே சிகாகோ அருகே உள்ள நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் சாமுவேல் ஸ்டப், தாம் தயாரித்த பொருளை, பாரம் தாங்கும் விதத்தில் மனித முழங்காலை ஒத்திருக்கும் செம்மறியாட்டின் பின்னங்கால் மூட்டில் சோதித்தார். வளர்ச்சிப் புரதம் ஒன்றைப் பற்றி நிறுத்தும் சிறு புரதத் துண்டுகளையும், மூட்டுத் திரவத்திலேயே இயல்பாக உள்ள ஹயலூரோனிக் அமிலத்தின் திருத்திய வடிவத்தையும் கலந்த அந்தப் பசை, பள்ளத்தில் வைத்ததும் ரப்பர் போல இறுகியது. ஆறு மாதத்தில் அங்கே வளர்ந்த திசுவில் கண்ணாடிக் குருத்தெலும்புக்குரிய கொலாஜனும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் பெருமூலக்கூறுகளும் காணப்பட்டன. 2024இல் வெளியான இந்த ஆராய்ச்சியை அடுத்து, நுண்துளைச் சிகிச்சை செய்யும் அதே அறுவையின்போதே இந்தப் பசையையும் வைத்து, தழும்புக்குப் பதிலாக உண்மையான குருத்தெலும்பை வளரச்செய்வது சாத்தியமா என்பதை மனிதரிடம் சோதித்தறிவதே அவருக்கு எதிரே உள்ள வேலை.